ஊதாப் புள்ளிகளும் மாஷிமாவின் பயமும்

பையன் காலில் ஊதாப் புள்ளிகள். சாதாரணத் தடிப்பை அழுத்தினால் வெளுக்கும், இது வெளுக்கவில்லை. தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ், அதாவது சிறு ரத்தக்குழாய்களின் அழற்சி. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். கவனம் வேண்டியது சிறுநீரகத்துக்கு. புள்ளி மறைந்தாலும் ஆறு மாதமாவது சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்க்கணும்.

இதற்குச் சில சமயம் ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். ஆனால் இங்கே கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் ஸ்டீராய்டு என்றாலே கிலி. பக்கத்து வீட்டு மாஷிமா உடனே அனுராதா சாஹா கதையை எடுத்தார். 1998, கொல்கத்தா: தோல் தடிப்புக்கு 80 மில்லிகிராம் டெப்போ-மெட்ரால் என்ற ஸ்டீராய்டு ஊசி, தினம் இருவேளை. நாள்கணக்கில் உடம்பில் தங்கும் மருந்து அது! அவர் இறந்தார், 2013இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மாஷிமாவின் பயம் நியாயம்தான். ஆனால் எங்களுக்கு எழுதியிருப்பது மூட்டுவலிக்குப் பாராசிட்டமால் மட்டும்.