தோளுக்குள் ஒரு டிராஃபிக் ஜாம்

ரத்தம் உறைவதென்றால் வயசானவர்களுக்கு, அதுவும் காலில் வருகிற சமாச்சாரம் என்றுதான் பலருக்கும் நினைப்பு. பிராண்டன் இங்கிரமுக்கு 2019 மார்ச்சில் வயது 21. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர். தோள்வலி என்று சோதித்துப் பார்த்தால், வலது கையின் நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது! அந்த சீசன் அத்தோடு முடிந்தது.

எல்லோருக்கும் உடனே ஞாபகம் வந்தது மயாமி ஹீட்டின் கிறிஸ் பாஷ். நுரையீரலில் 2015-ல், காலில் 2016-ல் என்று இரண்டு முறை உறைந்து, 31 வயதோடு ஆட்டமே முடிந்துபோனது. உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தின்றுகொண்டு முழங்கை இடி வாங்கும் விளையாட்டை ஆட முடியாது. உள்ளே ரத்தம் கசிந்தால் நிற்காது.

ஆனால் இங்கிரமின் கோளாறு வேறு. கையிலிருந்து திரும்பும் பெரிய நாளம், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு சந்தில் நுழைந்துதான் நெஞ்சுக்குப் போகிறது. கையைத் திரும்பத் திரும்ப மேலே தூக்குகிறவர்களுக்கு அந்தச் சந்தில் நாளம் நசுங்கி நசுங்கி, உட்சுவர் புண்ணாகி, ரத்தம் உறைகிறது. கை வீங்கும், நீலம் பூக்கும், கனக்கும். பேஜட் 1875-லும், ஷ்ரோட்டர் 1884-லும் எழுதிவைத்ததால் இருவர் பெயரும் நோய்க்கு ஒட்டிக்கொண்டது.

வைத்தியம்தான் சுவாரசியம். மெல்லிய குழாயை நாளத்துக்குள் விட்டு மருந்தால் கட்டியைக் கரைப்பார்கள். சீக்கிரம் போனால்தான் இது பலிக்கும், வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் கட்டி இறுகிவிடும். ஆனால் கரைத்ததோடு விட்டால் சந்து அப்படியேதானே இருக்கிறது? ஸ்டென்ட் வைத்தால் எலும்பு அதையும் நசுக்கிவிடும். அதனால் அக்குள் வழியாகவோ காறை எலும்பை ஒட்டியோ திறந்து, முதல் விலா எலும்பையே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். (இருப்பது 24, ஒன்று போனால் மூச்சுக்குக் குறையில்லை.) பிறகு சில மாதம் மாத்திரை. காரணமே போய்விட்டதால் பெரும்பாலும் அதையும் நிறுத்திவிடலாம். பாஷுக்குக் கிடைக்காத வழி இதுதான்.

இங்கிரமுக்கு மார்ச் 16-ல் இந்தச் சந்தை அகலமாக்கும் அறுவை நடந்தது. கோடையில் லேக்கர்ஸ் அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றிவிட்டது. அடுத்த சீசனிலேயே ஆல்-ஸ்டார், கூடவே அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருதும்!