வழிவிட்டுத் தடுக்கும் வளையம்

ஒரு போத்தல் மூடியைக் கையிலெடுப்பவர் அதன் நிறத்தைக் காண்பர், வடிவத்தைக் காண்பர். ஒரே அச்சில் வார்க்கப்பட்ட ஆயிரமாயிரம் மூடிகள் நிறையாலும் அளவாலும் ஒன்றையொன்று ஒத்திருப்பதைப் பற்றி எவரும் வியப்பதில்லை. அவ்வொப்புமை பெரிதும் தங்கியிருப்பது, சூடான உருளையொன்றின் இருளினுள்ளே சில மில்லிமீற்றர் தூரம் மட்டும் முன்னும் பின்னும் நகரும் ஓர் உருக்கு வளையத்திலேயாகும்.

பிளாஸ்ரிக்கை உருக்கி அச்சினுள் செலுத்தும் பொறிக்கு 1872 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஹயற் சகோதரர் காப்புரிமை பெற்றனர். செலுலோயிட்டைச் சூடாக்கி, முசலமொன்றினால் தள்ளும் எளிய பொறி அது. அத்தகைய பொறிகளிலே உருளைச் சுவரை அடுத்த பகுதி மிகையாகச் சூடேற, நடுப்பகுதி சரிவர உருகாதிருத்தல் பெருங்குறையாயிற்று. வில்லியம் வில்லேட் என்பார் 1956 இல் காப்புரிமை பெற்ற பொறியமைப்பில் திருகு ஒன்றே இரு தொழிலையும் ஏற்றது. சுழலும்போது அது பிளாஸ்ரிக்கை உருக்கிக் கலந்து முன்கொணரும். பின்னர் அதுவே முசலமாகி முன்னோக்கித் தள்ளும். ஆயின், உருகல் முன்வந்த புரியின் வழியே பின்னோக்கித் திரும்பவும் கூடுமன்றோ? ஒருவழி வால்வின் தேவை இங்கேதான் எழுகின்றது.

திருகின் நுனியில் கூரிய முனையும், அதன் பின்னே ஓர் இருக்கையும், இரண்டுக்குமிடையே வழுக்கி நகரும் வளையமும் உள்ளன. திருகு சுழலுங்கால், வரும் உருகல் வளையத்தை முன்தள்ளி, அதன் உட்புறத்தால் வழிந்து முன்னறையை நிரப்புகின்றது. திருகு முன்னோக்கிப் பாயுங்கால், முன்னறையின் அமுக்கம் வளையத்தை இருக்கையோடு அழுத்த, வழி அடைபடுகின்றது. பொதுவான வடிவங்களில் இதனை இயக்க வில்லுமில்லை, மின்னிணைப்புமில்லை. திரும்பியோட முனையும் உருகலே தன் பின்வழியைத் தான் அடைத்துக்கொள்கின்றது. மனித இதயத்தின் வால்வுகளும் குருதியமுக்க வேறுபாட்டினாலேயே இவ்வாறு திறந்து மூடுகின்றன.

தடுப்பதொன்றே இதன் பணியெனக் கொள்வது பாதியுண்மையே. வளையம் நகரும் தூரத்தையும் உருகல் செல்லும் வழியையும் குறைத்தால் மூடுதல் விரைவாகும். ஆனால் ஒடுங்கிய வழியில் உராய்வு மிகுந்து உருகல் அளவுக்கு மீறிச் சூடேறும். வழியை விரித்தால் உருகல் இலகுவாகச் செல்லும். எனினும் வளையம் இருக்கையைச் சேருமுன் ஒரு பகுதி பின்னே நழுவிவிடும். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நழுவுமாயின் அதனைக் கணக்கிற் கொண்டு ஈடுசெய்யலாம். ஒருகால் மிகுந்தும் மறுகால் குறைந்தும் நழுவுவதே பெருங்கேடு.

கண்ணாடி நார் கலந்த நைலோன் முதலியவை வளையத்தை அரம்போல் தேய்க்கும். தேய்ந்த வளையம் ஒழுகத் தொடங்கினால், திருகின் முன்னே மெத்தைபோல் எஞ்சியிருக்க வேண்டிய சிறிதளவு உருகலும் நிலைப்பதில்லை. பொருள்கள் குறையுருவாகவோ மேற்பரப்பிற் குழிவிழுந்தோ வெளிவரும். உருளையின் உள்ளே நிகழ்வதைக் கண்ணாற் காணவியலாது. ஆதலின் பழி முதலில் மூலப்பொருளின் மீதும், அடுத்துப் பொறியின் முன் நிற்கும் தொழிலாளியின் மீதும் விழுதல் எளிது. உருகலின் அளவைக் கூட்டியும் அமுக்கத்தை உயர்த்தியும் பழுதைச் சில நாள் மறைக்கலாம். தேய்வோ தொடர்ந்தே செல்லும். உட்செலுத்தும் வேளையில் திருகு தானாகவே பின்முகமாகச் சுழல்வதைக் கவனித்து, அடுத்தடுத்த பொருள்களை நிறுத்துப் பார்க்கும் தொழிலாளி, பொறியைத் திறக்குமுன்பே உண்மையை அண்மித்துவிடுகிறார். அவருடைய சொல்லுக்குச் செவிகொடுக்கப்படுகிறதா என்பதும் இத்தொழிலின் தரத்தைத் தீர்மானிக்கும் ஒன்றாகும்.

இன்னுமொன்று ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. குழாய் இணைப்புகளுக்குப் பயன்படும் விறைப்பான பொலிவைனைல் குளோரைட்டு வெப்பத்தைத் தாங்கமாட்டாது. மூலைமுடுக்குகளில் தேங்கினால் அது சிதைந்து, உருக்கை அரிக்கும் ஐதரசன் குளோரைட்டை வெளிவிடும். ஆகவே அதற்குரிய திருகுகளிற் பெரும்பாலும் வளையமே இராது. மழமழப்பான கூம்புமுனை மட்டுமே இருக்கும். அவ்வுருகலின் தடித்த தன்மையே பின்னோட்டத்தைப் பெருமளவு மட்டுப்படுத்துகின்றது.

ஆகவே, எல்லாவற்றிற்கும் பொருந்தும் வால்வு என ஒன்றில்லை. எதனைத் தடுக்க வேண்டுமென்பதோடு, தடுக்கப்படுவது எத்தகைய இயல்பினது, அது எவ்வளவு இடர்ப்பாட்டைத் தாங்கும் என்பவற்றையும் அறிந்த பின்னரே வளையத்தின் அளவு குறிக்கப்படல் வேண்டும். அவ்வறிவின்றி அமைத்த தடை, தான் காக்க வந்த பொருளையே கெடுத்துவிடும்.