கீழே இறங்கியவை எத்தனை?

ஐப்பசி 8, சனி

பள்ளிப்பட்டுப் பக்கம் நல்ல மழை. கொசஸ்தலையாற்றில் தண்ணீர் கலங்கலாக ஓடுகிறது. இது பூண்டிக்குப் போய், அங்கிருந்து எண்ணூரில் கடல் சேரும். விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே இறங்கும் மீன். அதன் பாதையில் 1944 முதல் பூண்டி அணை நிற்கிறது. அணையைக் கடக்கும் மீன்களில் எத்தனை பிழைக்கும்? இதைக் கணக்கிடும் முறையை அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் சால்மன் குஞ்சுகளை வைத்து வகுத்திருக்கிறார்கள். அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

கடலை நோக்கி இறங்கும் சால்மன் குஞ்சுக்கு நீர்மின் அணையில் மூன்று வழிகள்: டர்பைன், உபரிநீர் மதகு, குஞ்சுகளுக்காகவே அமைத்த பக்கவாய்க்கால். டர்பைனில் அலகு அடித்துச் சில சாகும். நீரின் அழுத்தம் நொடியில் சரிவதால் காற்றுப்பை வெடித்துச் சில சாகும்.

குஞ்சின் வயிற்றுக்குள் ஓர் ஒலி டேக் வைக்கிறார்கள். ஊசியால் செலுத்தும் வகையின் எடை 0.22 கிராம், நீளம் 15 மில்லிமீட்டர், இரண்டு நெல்மணிகளை முனையோடு முனை வைத்த அளவு. சில நொடிக்கு ஒருமுறை 416.7 கிலோஹெர்ட்சில் தனக்கே உரிய குறியீட்டை அது ஒலிக்கும். நம் காதுக்கு எட்டாத அந்த ஒலியை ஆற்றுக்குள் வரிசையாக இறக்கிய ஹைட்ரோபோன்கள் பிடித்துக்கொள்ளும்.

ஐப்பசி 11, செவ்வாய்

பிளஸ் டூ வகுப்பில் இதைச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, “சத்தம் வரலைன்னா மீன் செத்துடுச்சா, இல்ல கருவிக்குக் கேக்கலையா, மிஸ்?” என்றாள். இந்த முறையின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அதற்காகத்தான் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் பல வரிசைகள். முதல் வரிசையில் கேட்காத மீன் இரண்டாவதில் கேட்டால், முதல் வரிசை எவ்வளவு தவறவிடுகிறது என்று தெரிந்துவிடும். அணைக்குக் கீழேயும் ஒரு கூட்டத்தை விடுவார்கள். ஆற்றில் இயல்பாகச் சாவதைப் பிரித்து, அணையால் வரும் சாவை மட்டும் காண இது உதவும். டேக் வைத்த செத்த மீன்களையும் விட்டுப் பார்ப்பார்கள். பிணம் மிதந்து வந்து உயிராகக் கணக்கில் ஏறிவிடக் கூடாதல்லவா!

ஐப்பசி 13, வியாழன்

2008-இல் கொலம்பியா ஆற்று அணைகளுக்கு இலக்கு விதித்தார்கள்: வசந்தத்தில் இறங்கும் குஞ்சுகளில் 96 சதவீதமும் கோடையில் இறங்குபவற்றில் 93 சதவீதமும் ஒவ்வோர் அணையையும் உயிரோடு கடக்க வேண்டும். 96 என்றால் நல்ல மதிப்பெண்தான். ஆனால் ஸ்னேக் கிளையாற்றிலிருந்து வரும் குஞ்சுக்கு எட்டு அணைகள். எட்டு முறை பெருக்கிப் பார்த்தால், நூறில் ஏறக்குறைய 72 மிஞ்சும். நீர்த்தேக்கங்களில் சாவது இதில் சேராது.

ஐப்பசி 15, சனி

நம் காவிரிக்கு உல்லம் என்ற மீன் கடலிலிருந்து ஏறி வந்தது. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன். கொள்ளிடத்தில் 1909-லேயே வில்சன் என்பவர் அதன் முட்டைகளைச் செயற்கையாகக் கருவுறச் செய்து பார்த்தார். அவ்வளவு அக்கறை அன்றே இருந்தது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் அதற்கு மேலே உல்லம் பிடிப்பு மறைந்தது. கங்கையிலும் 1975-இல் பராக்கா கதவணை வந்தபின், அலகாபாத் வரை போன இலிஷ் அருகிப்போனது. பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இப்போது டேக் மாட்டிய இலிஷைப் பராக்காவுக்கு மேலே விட்டு, வலையில் சிக்குபவற்றை மீனவர்களிடம் கேட்டறிகிறது. நல்ல தொடக்கம். ஆனால் வலையில் சிக்காத மீன் உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்று அந்த டேக் சொல்லாது. ஒலி டேக் சொல்லும்.

ஐப்பசி 16, ஞாயிறு

மீன்வழி கட்டினோம், குஞ்சு விட்டோம் என்பதெல்லாம் எண்ணிக்கை இல்லாதவரை நம்பிக்கை மட்டுமே. பூண்டியிலேயே தொடங்கலாம். கடலுக்கு இறங்கும் விலாங்கு பெரிய மீன். டேக்கை எளிதாகச் சுமக்கும். அணைக்கும் எண்ணூருக்கும் நடுவே சில வரிசை ஹைட்ரோபோன்கள் போதும். மழைக்காலத்தில் பூண்டியில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று தினமும் செய்தி வருகிறது. அந்தத் தண்ணீரோடு எத்தனை விலாங்கு உயிரோடு இறங்கின என்பதும் அதே செய்தியில் வர வேண்டும்.