அரியலூரில் இறங்க வேண்டியவர்

எங்க ஊர் ஆண்டிமடத்துக்கு ரயில் கிடையாது. பார்க்கணும்னா விருத்தாசலத்துக்கு பஸ் ஏறணும். அந்தக் குறையோ என்னவோ, சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில் அறை நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போனால் நான் ரயில் பார்க்கப் போவேன்.

அதற்குச் சென்னையில் இடமா இல்லை? பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் உட்கார்ந்தால் போதும், சென்ட்ரலுக்குப் போகிற வண்டிகள் கண்முன்னே ஊர்ந்து கடக்கும். பரங்கிமலையில் மெட்ரோ உயரத்தில் நிற்கும்போதே கீழே தாம்பரம் லோக்கலும் தென்மாவட்ட எக்ஸ்பிரஸும் ஓடும். கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் அடையாற்றைத் தாண்டி வருவதை நடைமேடையிலிருந்தே பார்க்கலாம். சாயங்கால வெயிலில் அது தனி அழகு.

2017இல் அப்பாயி கண் ஆபரேஷனுக்காக வந்திருந்தது. வழக்கம்போல பஸ்ஸில்தான். வாழ்நாளில் ரயில் ஏறியதில்லை. "சும்மா பார்த்துட்டு வரலாம் வா" என்று கோட்டூர்புரம் கூட்டிப்போனேன். வண்டி பாலத்துக்கு வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தடதடப்பு ஓய்ந்த பிறகும் விடவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு பெரிய மடையன் நான்!

1956 நவம்பர் 23, விடிகாலை. சென்னையிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்துக்குள் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியது பொது அறிவுக் கேள்வியாகவே நமக்குத் தெரியும். அப்பாயிக்கு அது அண்ணன். பிறந்த வீடு அரியலூர்ப் பக்கம். மெட்ராஸில் வேலை பார்த்தவர், லீவில் வந்துகொண்டிருந்தார்.

"அரியலூர்லயே எறங்கியிருக்கணும்டா. தூங்கிட்டாரு." அவ்வளவுதான் சொல்லும். தூங்கினார் என்று யார் பார்த்தார்கள்? வீட்டில் அப்படித்தான் முடிவு செய்துகொண்டார்கள். பாலத்தையும் வெள்ளத்தையும் அப்பாயி திட்டி நான் கேட்டதில்லை. தூக்கத்தைத்தான் திட்டும்.

இனி ரயில் பேச்சே எடுக்கக் கூடாது என்றிருந்தேன். ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் அதுவே கேட்டது: "நம்ம பக்கம் போற வண்டி எங்க நிக்கும்?"

எழும்பூருக்குப் போனோம். 1908இல் திறந்த நிலையம் அது. அந்தச் சிவப்புக் கட்டிடத்தைப் பார்க்கவே நான் பலமுறை போயிருக்கிறேன். அப்பாயி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்து ரூபாய் பிளாட்ஃபார்ம் டிக்கெட் இரண்டு எடுத்தேன். பல்லவன் நின்றுகொண்டிருந்தது. பெட்டி பெட்டியாக நடந்து, ஒரு ஜன்னலோரப் பையனிடம் நின்றது.

"எங்க சாமி எறங்கணும்?"

"அரியலூர், பாட்டி."

பையன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றும்வரை காத்திருந்தது.

"தூங்கிப்புடாத, என்ன?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். "தூங்கல பாட்டி" என்றான்.