நானே செஞ்சிடுறேன்

முருகன் துணை.

வழக்கமா நான் பூசை நேரம், அன்னதான உபயம் பத்திதான் எழுதுவேன். இன்னிக்கு ஒரு பந்து விளையாட்டைப் பத்தி எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

என் கடைசி மகனுக்கு 17 வயசு. பள்ளிக்கூட டீமுல ஸ்ட்ரைக்கர். கூட்டாளி ஒருத்தன் கூப்பிட்டான்னு 'யூனிஃபைட்' ஃபுட்பால் பயிற்சிக்குப் போக ஆரம்பிச்சான். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளும் மத்த பிள்ளைகளும் ஒரே குழுவுல சேர்ந்து ஆடுற ஆட்டம் அது. 1968-ல சிக்காகோவுல ஆரம்பிச்ச ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்போட முறை. பாராலிம்பிக்ஸ் வேற, இது வேற. ஐவர் ஆட்டம்னா திடல்ல 3 பேர் அந்தப் பிள்ளைகள், 2 பேர் துணை ஆட்டக்காரர்கள்.

ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு பாடாங்குக்குப் பார்க்கப் போனேன். பத்து நிமிஷத்துல என் மகன் மூணு கோல் போட்டான். நான் எழுந்து நின்னு கை தட்டினேன். உடனே கோச் அவனை வெளியே எடுத்து உட்கார வெச்சிட்டார். எனக்குக் கோபம் வந்திருச்சு. "ஏன் சார், கோல் போடுறவனைப் போய் எடுக்கிறீங்க?"ன்னு கேட்டேன்.

"அண்ணே, உங்க பையன் நல்லா ஆடுறான். ஆனா அந்த மூணு பேரும் இன்னும் பந்தைத் தொடவே இல்ல. துணையா வர்றவன் ஆட்டத்தை மொத்தமா தன் கையில எடுத்துக்கக் கூடாது. அது விதி. இவங்களும் ஆடத்தானே வந்திருக்காங்க?"

நான் பதில் பேசல.

ரெண்டாவது பாதியில மகன் மறுபடி இறங்கினான். பந்து கிடைச்சதும் பக்கத்துல இருந்த பையனுக்குத் தள்ளினான். அவன் காலால நிறுத்தி, பார்த்து, அடிச்சான். வெளியே போச்சு. மறுபடி கொடுத்தான், அதுவும் வெளியே. நாலாவது தடவை கம்பத்துல பட்டு உள்ளே போச்சு! கோல் போட்டவன் நேரா என் மகன்கிட்ட வந்து, "லேட்டா கொடுக்குற, சீக்கிரம் கொடு!"ன்னு திட்டினான். மகன் "சரி சரி"ன்னு தலையாட்டினான்.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. தொழிற்சாலையில நான் சூப்பர்வைசர். புது ஆள் மெதுவா செஞ்சா, "தள்ளு, நானே செஞ்சிடுறேன்"னு வாங்கிச் செய்வேன். லைன் நிக்காம ஓடும். ஆனா அந்த ஆள் கடைசி வரைக்கும் கத்துக்கிட்டதே இல்ல.

கோயில்லயும் அதைத்தான் செஞ்சிருக்கேன். வெள்ளிக்கிழமை அம்மாவோட வர்ற நம்ம தம்பியை நீங்க பார்த்திருப்பீங்க. செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருப்பான். அந்த அம்மா மூணு தடவை என்கிட்ட கேட்டாங்க, "இவனுக்கும் ஏதாச்சும் வேலை கொடுங்கண்ணே"ன்னு. மூணு தடவையும், "பாவம், வேணாம்மா, அவன் சும்மா உட்காரட்டும்"னு சொல்லிட்டேன். இரக்கம்னு நினைச்சுத்தான் சொன்னேன். உண்மையில என் வேலை தாமதமாகக் கூடாதுன்னுதான்.

போன வாரம் அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். தம்பிகிட்ட இலைக்கட்டைக் கொடுத்து, நுனி சாப்பிடுறவங்களுக்கு இடப் பக்கம் வரணும்னு ஒரே ஒரு தடவை காட்டினேன். நாப்பது இலை போட்டான். ஒண்ணுகூட மாறல. நான் அவசரத்துல ஒரு இலையைத் திருப்பிப் போட்டேன், அதையும் எடுத்துச் சரியா வெச்சான். நேரம் ஆச்சுதான். வரிசையில ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், போன மாசம் வரைக்கும் நானும் அப்படித்தானே!

அதனால ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு, அந்த டீமுக்குத் துணை ஆட்டக்காரர்கள் பத்தல. நம்ம இளைஞர் பிரிவுப் பிள்ளைகள் விருப்பம் இருந்தா என்கிட்ட சொல்லுங்க. ரெண்டு, வர்ற வெள்ளியும் தம்பிதான் இலை போடுவான். பந்தி தொடங்க பத்து நிமிஷம் கூட ஆகலாம். யாரும் கையில இருந்து இலையை வாங்கிடாதீங்க, தயவுசெய்து.

வேலும் மயிலும் துணை.