நான்கு தந்திகள்

எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில் ஆறடி உயரத்தில் ஒருவர் நிற்கிறார். புதிதாக வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இவ்வளவு பெரிய வயலினா?” வயலின் இல்லை, வயலினுக்குத் தாத்தா முறை. பெயர் டபுள் பேஸ். அதை வாசித்தவர் என் தாத்தா.

1970களில் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் திரைப்பாடல்களுக்குத் தாத்தா இதை வாசித்தார். ஞாயிறுதோறும் கோயிலில் பாடகர் குழுவுக்கும் வாசித்தார். பிறகு மின்னணுக் கருவிகள் வந்தன. பத்துப் பேர் வாசித்ததை ஒருவரே விசைகளை அழுத்தி வாசிக்கலாம் என்றானது. தாத்தாவுக்கு வரும் அழைப்புகள் குறைந்தன. பின்பு நின்றே போயின. பேஸ் மூலைக்குப் போனது.

நான் எட்டாம் வகுப்பு படிக்கையில், நம் பள்ளி இசைக்குழுவுக்குக் கீழ்க்குரல் வாத்தியம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று இசை சிஸ்டர் சொன்னார்கள். “எங்கள் வீட்டில் இருக்கிறது, சிஸ்டர்” என்று கையைத் தூக்கிவிட்டேன். அன்று மாலையே தாத்தா எனக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு இப்போது கை நடுங்குகிறது, காதும் மந்தம். ஆனால் நான் வாசிக்கும்போது பேஸின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே தவற்றைக் கண்டுபிடித்துவிடுவார்.

சென்ற ஜூலையில் ‘ஏ’ தந்தியின் மேல் சுற்றியிருந்த மெல்லிய கம்பி பிரிந்து என் விரலைக் கிழித்தது. நான்கு தந்திகளும் இருபது வயதைத் தாண்டியவை. ஒலியும் செத்துப் போயிருந்தது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் கீதங்கள் நிகழ்ச்சி. அதற்குள் புதிய தந்திகள் வேண்டும்.

தந்தி என்றால் தந்திதானே, கடையில் போய் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். கடைக்காரர் சிரித்தார். வயலின் தந்தியும் கிடார் கம்பியும் கண்ணாடிப் பெட்டி நிறைய இருந்தன. பேஸ் தந்தியோ வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். “எந்தத் தந்தி என்று நீங்களே முடிவு செய்துகொண்டு வாருங்கள்” என்றார். அன்று தொடங்கியது என் ஆராய்ச்சி!

பழைய காலத்தில் ஆட்டுக்குடலை முறுக்கித் தந்தி செய்தார்கள். அதன் ஒலி இனிமையானது. ஆனால் காற்றின் ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் சுருதி மாறிவிடும். கடற்கரைச் சென்னையில் அதைக் கட்டினால் பாட்டைவிடச் சுருதி சேர்ப்பதற்கே அதிக நேரம் ஆகும். எனவே எஃகுத் தந்திதான் என்று முடிவு செய்தோம். அதிலும் எத்தனை வகை! ஆஸ்திரியாவின் தோமஸ்டிக், ஜெர்மனியின் பிராஸ்ட்ரோ, அமெரிக்காவின் டி’அடாரியோ என்று மூன்று நிறுவனங்களின் பட்டியல்களையும் அப்பாவின் கைப்பேசியில் படித்துப் பார்த்தேன். வில்லால் வாசிக்க ஒரு வகை, விரலால் மீட்ட ஒரு வகை, இரண்டுக்கும் பொதுவாக ஒரு வகை.

‘சோலோ’ என்ற பெயரைக் கண்டதும் என் மனம் துள்ளியது. தனியாக நின்று வாசிப்பவர்களுக்கு உரியது! நம் இசைக்குழுவில் வயலின் வாசிக்கும் தோழிகளுக்குத்தான் எப்போதும் கைத்தட்டல். பின்னால் நிற்கும் என்னை யார் பார்க்கிறார்கள்? இந்தத் தந்தியைப் போட்டால் என் ஒலியும் கணீரென்று கேட்குமே!

தாத்தாவிடம் சொன்னேன். “சோலோ தந்தி வழக்கத்தைவிட ஒரு முழுச் சுரம் மேலே கட்டுவதற்கென்று மெல்லிதாகச் செய்தது. குழுவின் சுருதிக்கு இறக்கினால் தொளதொளத்துப் போகும்” என்றார். பிறகு என் கையைப் பிடித்து, பேஸின் முன்பலகையில் ஒட்டுப்போட்ட ஒரு விரிசலின் மேல் வைத்தார். “நாலு தந்தியும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். இதற்கு வயதாகிவிட்டது, பாப்பா. என்னைப் போலத்தான். இழுவை குறைந்த தந்தியாகப் பார். சத்தம் கொஞ்சம் குறையட்டும், பாட்டு நிற்கும்.”

எனக்கு முகம் வாடிப்போனது. ஆனாலும் குதிரையிலிருந்து மேல்முனை வரை நாடாவால் அளந்தேன், 105 சென்டிமீட்டர். ‘முக்கால்’ அளவு என்பார்கள். பெரும்பாலோர் வாசிப்பது இந்த அளவுதான். தோமஸ்டிக்கின் ஸ்பைரோகோர் தந்திகளில் ‘வைஷ்’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தோம். ஜெர்மன் மொழியில் அதற்கு மென்மை என்று பொருள். விலையைக் கேட்டதும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கணக்குப் போட்டியில் பரிசாகக் கிடைத்த 2,000 ரூபாயை நான் கொடுத்தேன். மீதியை அப்பா இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்தார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று தந்திகள் வந்து சேர்ந்தன. கீத நிகழ்ச்சிக்கு ஐந்து நாட்களே இருந்தன. தாத்தா மதியம் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் அவர் வியக்க வேண்டும் என்று பேஸைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, பழைய தந்திகள் நான்கையும் கழற்றினேன். “ஒன்றைக் கழற்றி, ஒன்றைக் கட்டி, அப்புறம் அடுத்தது” என்று தாத்தா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவசரத்தில் அது எனக்கு நினைவே இல்லை. நான்காவது தந்தி தளர்ந்ததும் குதிரை கையோடு வந்தது. உள்ளே ‘டொக்’கென்று ஏதோ விழுந்தது.

பேஸின் வயிற்றுக்குள் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு மரக்குச்சி நிற்கிறது. அதைப் பசைபோட்டு ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தால்தான் நிற்கிறது. தந்தியின் அதிர்வை முதுகுக்குக் கொண்டுசெல்வது அதுதான். பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் அந்தக் குச்சியை ‘ஆன்மா’ என்றே அழைக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாகத் தாத்தா காப்பாற்றி வைத்திருந்த வாத்தியத்தின் ஆன்மாவை ஒரே மதியத்தில் நான் கீழே தள்ளிவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்ளலாமா என்று நினைத்தேன். பழைய தந்தி தானாக அறுந்தது என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. பிறகு தாத்தாவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்தேன். விழித்ததும் அவர் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

தாத்தா திட்டவில்லை. “குச்சி உடைந்ததா, விழுந்ததா?” என்று மட்டும் கேட்டார். விளக்கடித்துப் பார்த்தேன். விழுந்துதான் கிடந்தது. “விழுந்தால் நிறுத்திக்கொள்ளலாம்” என்றார். தம் நடுங்கும் விரல்களைப் பார்த்துவிட்டு, வயலின் பழுதுபார்க்கும் பழைய நண்பர் ஒருவரை வரவழைத்தார். அவர் வளைந்த கம்பி ஒன்றை எஃப் வடிவத் துளைக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அரைமணி நேரத்தில் குச்சியை நிறுத்திவிட்டார். விரிசலைத் தடவிப் பார்த்து, “நல்லவேளை, மெல்லிய இழுவையாக வாங்கினீர்கள்” என்றார். தாத்தா என் பக்கம் திரும்பி, “இவள்தான் தேர்ந்தெடுத்தாள்” என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

கீத நிகழ்ச்சியன்று நான் வழக்கம்போலப் பின்வரிசையில் நின்றேன். எல்லாரும் வயலின்களையும் பாடகியரையுமே பார்த்தார்கள். ஆனால் நான் வில்லை இழுத்தபோது, அறுபது பேர் பாடும் பாட்டு என் தந்தியின் மேல் ஏறி நிற்பது காலடியில் தெரிந்தது. அன்று எனக்குக் கைத்தட்டல் நினைவே வரவில்லை.

நிகழ்ச்சி முடிந்து தாத்தாவிடம் ஓடினேன். முன் பெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

“கடைசிப் பாட்டில் ‘ஏ’ தந்தி கொஞ்சம் இறங்கியிருந்தது, பாப்பா. புதுத் தந்தி அப்படித்தான். சில நாள் இழுத்துக்கொடுக்கும். தினமும் சேர்த்துக்கொண்டே இரு.”

தோழியரே, நானும் புதுத் தந்திதான். என்னையும் தினமும் பொறுமையாகச் சுருதி சேர்க்கும் பெற்றோரையும், சிஸ்டர்களையும், என் தாத்தாவையும் தந்த இறைவனுக்கு நன்றி.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு