சாலை விலகிப்போன வெள்ளகெவி

கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி, காட்டுப் பாதையில் இறங்கினால் வெள்ளகெவி. ஊருக்குள் செருப்புப் போட்டு நடப்பதில்லை என்பது அங்குள்ள வழக்கம். காப்பி, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் நன்றாக விளையும் மண்.

கொடைக்கானல் நகரமாவதற்கு முன்பே இருந்த ஊர் இது. 1821-இல் மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகெவியிலிருந்துதான் மேலே ஏறினார். 1845-இல் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். பின்னாளில் மோட்டார் சாலை வத்தலக்குண்டு பக்கமாக ஏறியது. போக்குவரத்தும் வியாபாரமும் அதன் பின்னால் போயின. வழியில் இருந்த ஊர் மூலைக்குப் போனது.

அதன்பின் நெடுங்காலம் அரிசி மூட்டை வருவதும் விளைச்சல் போவதும் குதிரை முதுகில்தான். நோயாளிகளை டோலி கட்டித் தூக்க வேண்டும். இரண்டு ஊர்களில் ஒரே தரத்தில் காய் விளைந்தாலும், குதிரை வாடகை போக மிஞ்சுவதுதான் வெள்ளகெவிக்காரர் கையில் நிற்கும். பேரம் படியவில்லை என்று சரக்கைத் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. இது வியாபாரிக்கும் தெரியும்.

என்ன பயிர் கட்டுபடியாகும் என்பதையும் பாதையே முடிவு செய்கிறது. சுமார் 6 கிலோ காப்பிப் பழம் காய்ந்து, தோல் நீங்கினால் 1 கிலோ கொட்டை. வீட்டுக் களத்திலேயே உலர்த்தினால் சுமை குறையும், கெடவும் கெடாது. பட்டர் ஃப்ரூட்டுக்கு அந்த வசதி இல்லை. மூட்டையில் அடிபட்டால் பழுக்கும்போது கறுத்துவிடும். அதனால் பாதை இல்லாத ஊர்களில் பழத்தைக் கெட்டியான காயாகப் பறித்து, வைக்கோல் பரப்பிய பெட்டியில் அனுப்புவது நல்லது.

காடு குறுக்கே இருப்பதால் சாலையே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. வன உரிமைச் சட்டம், 2006-இன்படி, கிராமசபை பரிந்துரைத்தால், வனவாசிகளின் சாலை போன்ற வசதிக்கு, ஒவ்வொரு பணிக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. 3 மீட்டர் அகலம் என்றால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் பாதைக்கு அந்த நிலம் போதும். ஒரு ஜீப் போக அவ்வளவு அகலம் தாராளம்.

இதே நிலையில் உள்ள மலைக்கிராமத்தார் முதலில் செய்ய வேண்டியது, கிராமசபையில் தீர்மானம் போட்டு நகலைக் கையில் வைத்துக்கொள்வது. பாதை வந்தபின் ஆளாளுக்குத் தனியாக விற்றால் லாபம் வண்டிக்காரருக்குத்தான். ஊர்ச்சரக்கை ஒன்றாக எடை போட்டு இறக்கினால்தான் போட்ட சாலை விவசாயிக்கு உதவும்.